பைய பிடி

மத்தியாசின் கைக்குக் கனம் தெரியாது என்று சிலுவைத்துறையில் எல்லாரும் சொல்லுவார்கள். அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் சின்ன ஊர் அது. மத்தியாஸ் தோளில் தட்டி நலம் விசாரித்தால் அன்றைக்குத் தோளுக்கு எண்ணெய் போட்டுத் தடவ வேண்டும். வலை இழுக்கையில் கயிறு அறுந்தால் அது அவன் பிடித்த பக்கமாகத்தான் இருக்கும். சண்டை என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடித்து முடித்த பிறகு ஒரு பெரிய மனுஷர் வந்து, "அவன் வேணும்னா செய்யுதான்? கைக்குக் கனம் தெரியாத பய" என்று விஷயத்தை முடித்து வைப்பார். அடிபட்டவன் வாயைத் துடைத்துக்கொண்டு போவான். அடிக்கிறவனுக்கு இவ்வளவு வசதியான ஊர் வேறெங்கும் இருந்திருக்காது.

அந்தச் சமாதானத்தை மற்ற எல்லாரையும்விட உறுதியாக நம்பியவள் அவன் மனைவி செசிலி. அவள் ஓலைப்பெட்டியில் மீன் சுமந்து அஞ்சுகிராமம் சந்தைக்கும் அதைச் சுற்றியுள்ள பனைவிளைத் தோப்புகளுக்கும் நடந்து விற்கிறவள். சந்தையில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்த ஆண்பிள்ளை கிடையாது. மீன் செவுளைப் பிளந்து பார்த்து முகம் சுளிக்கிறவனை அவள் கேட்கிற கேள்வியில் அவன் மறுவாரம் வேறு பக்கமாகப் போவான். அந்த வாய் வீட்டு வாசலைத் தாண்டியதும் அடங்கிவிடும். வீட்டுக்குள் அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தைதான்.

"பைய... பைய அடியும்" என்பாள். அந்தப் பக்கத்தில் பைய என்றால் மெல்ல. அடிக்காதே என்று சொல்ல அவளுக்குத் தோன்றியதே இல்லை. கனம் தெரியாத கையிடம் கொஞ்சம் கனத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவது நியாயம் என்று நினைத்தாள். பாவிமகள், அப்படித்தான் நினைத்தாள்.

வலைக்குச் சாயம் காய்ச்சிய பானை கவிழ்ந்துவிட்டது என்று விழுந்த அடியில் முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது எதற்காகப் போனது என்று அவளுக்கே நினைவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள். அண்ணன் சோறு போட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். கோயில் சாமியாரிடம் சொன்னாள். ஆண்டவர் சுமந்த சிலுவையைவிட உன் சிலுவை கனமா என்று அவர் கேட்டார். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். பேறு பார்க்கும் விக்டோரியா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"அவனுக்க காலுச் சவுட்டு இன்னொண்ணு இந்த வயித்துல பட்டுதுன்னா பிள்ளையும் போவும், நீயும் போவே. பெறகு என்னெ விளிக்காத, குழிவெட்டுதவன விளிச்சாப் போதும்."

இந்த நேரத்தில்தான் மத்தியாசுக்கு ஆகாயவிமானப் பித்துப் பிடித்தது. முதல் யுத்தத்தின்போது ஆள் பிடித்துப் பஸ்ராவுக்குக் கொண்டு போனார்களே, அதில் போய்த் திரும்பியவன் அவன். அங்கே குண்டுபட்டு வந்த விமானங்களைச் செப்பனிடும் கொட்டகையில் மரம் தூக்கினான். இறக்கைக்கு எலும்பு வைத்து ஒட்டுகையில் வெள்ளைக்காரனுக்குப் பிடித்துக் கொடுத்தான். இதைச் சொன்ன நாளிலிருந்து ஊரில் அவனுக்குப் பஸ்ராப் புளுகன் என்று பெயர். அவன் முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாத ஆளில்லை. முப்பத்தைந்தாம் வருஷம் ஒருநாள் கரையோரமாக ஒரு விமானம் தாழ்ந்து பறந்து போயிற்று. மரத்தடியில் வலை முடைந்துகொண்டிருந்த டைட்டஸ் அண்ணாந்து பார்த்து, "மத்தியாசே, அது நீரு செஞ்சதா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

"இராயப்பர் திருநாளுக்கு நான் சின்னதா ஒண்ணு செஞ்சு தேரி மணல்மேட்டுலருந்து விடுதேன். பறக்கல்லன்னா எனக்க மீசைய எடுத்துருதேன்" என்றான் மத்தியாஸ்.

இராயப்பர் என்று அவர்கள் சொல்லும் பேதுருவின் திருநாள் ஆனியில் வரும். சொல்லிவிட்டானே தவிர அதற்கு மரம் ஏது? முருங்கையைச் சீவிப் பார்த்தான், கனத்தது. நெட்டியை வெட்டிப் பார்த்தான், ஒடிந்தது. வைகாசிப் புயலில் கடல் அதைக் கொண்டுவந்து போட்டது. எங்கேயோ கப்பலிலிருந்து பிய்ந்து வந்த மிதவை. கப்பல் முங்கினால் ஆட்கள் பிடித்துத் தொங்குவதற்காகக் கட்டி வைத்திருப்பது. மேலே கித்தான், உள்ளே பால்வெள்ளையில் ஒரு மரம். பிளந்த துண்டைக் கையில் எடுத்தால் ஒன்றுமே எடுக்காத மாதிரி இருந்தது. பஸ்ராவில் வெள்ளைக்காரன் சொல்லி மத்தியாசுக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திருந்தது, பால்சா.

கரையில் வைத்தே அதைக் கோடாலியால் பிளக்க ஆரம்பித்தான். அந்த வழியாகப் போன ஒருத்தி ஊருக்குள் போய், "மத்தியாஸ் மரத்த வெட்டுதான்" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கடற்கரையில் மரம் என்றால் கட்டுமரம். ஒருவனுடைய மரத்தை இன்னொருவன் வெட்டினால் கழுத்தை வெட்டினதற்குச் சமம். டைட்டசுக்கும் மத்தியாசுக்கும் மரம் ஏற்றிவைக்கிற இடத்தைப் பற்றி ஏற்கெனவே தகராறு இருந்தது. தன் மரம் கோயிலுக்குப் பின்னால் ஏற்றி வைத்தபடி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட டைட்டசுக்குப் பொறுமை இல்லை. துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏலே, எனக்க மரத்தையா வெட்டுதே?"

முதல் அடி மத்தியாசின் முதுகில் விழுந்தது. மத்தியாஸ் கோடாலியைக் கீழே போட்டான். அது டைட்டஸ் செய்த புண்ணியம். துடுப்பைப் பிடுங்கி அதனாலேயே அவன் வாயில் அடித்தான். டைட்டசின் முன்பற்கள் மூன்று மணலில் கிடந்தன. விலக்க வந்த அவன் தம்பியின் முழங்கை பின்பக்கமாக மடங்கியது. பிறகுதான் எல்லாரும் வெட்டின மரத்தைப் பார்த்தார்கள். ஒரு சொல்லுக்கு மூன்று பல்லும் ஒரு முழங்கையும் போயின. "கைக்குக் கனம் தெரியாத பய" என்று யாரோ ஆரம்பித்தார்கள். செசிலி இதைக் கேள்விப்பட்டபோது டைட்டசுக்காகப் பரிதாபப்பட அவளுக்கு நேரமில்லை. கோபம் முழுவதும் வெளியிலேயே செலவாகிவிட்டதால் அன்றைக்கு வீட்டில் அடி இல்லை என்று மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாளிலிருந்து மத்தியாஸ் முற்றத்துப் பந்தலின் கீழ் உட்கார்ந்துவிட்டான். விமானத்தின் உடம்பையும் வாலையும் இரண்டு நாளில் முடித்தான், வேலையெல்லாம் இறக்கையில்தான் இருந்தது. தகரத்தில் மீன்வடிவமாக ஓர் அச்சு வெட்டினான். தலைப்பக்கம் தடித்து, வால்பக்கம் மெலிந்தது. சவரக்கத்தியால் பால்சாவை ஏடு ஏடாகச் சீவி, அச்சை அதன்மேல் வைத்து வங்குகளை வெட்டினான். படகின் விலாவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் வங்கு. இறக்கைக்கும் அதையே சொன்னான். எல்லா வங்குகளையும் சேர்த்துப் பிடித்துத் திருக்கைத் தோலால் தேய்த்து ஒரே அளவாக்கினான். நீளவாக்கில் இரண்டு தண்டு கொடுத்து, வங்குகளை அதில் கோத்து, வஜ்ஜிரப் பசை தொட்டு ஒட்டினான். பசை காயும்வரை நகராமலிருக்க உடைமரத்து முள்ளால் குத்தி நிறுத்தினான்.

செசிலி மீன் விற்றுவிட்டு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள். அந்த மரத்தில் நகம் பட்டாலே குழி விழுந்துவிடும். அதற்காக மத்தியாஸ் பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டியிருந்தான். ஒரு வங்கை எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். பிறந்த குழந்தையின் காதைத் தொடுகிற மாதிரி அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பான். தப்பாக வெட்டிவிட்டால் கத்தமாட்டான். பொறுமையாக இன்னொன்று சீவுவான். எந்த வங்கும் அவனிடம் அடி வாங்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பனைவிளையில் கருப்பட்டி காய்ச்சும் பூங்கனியிடம் போய்ச் சொன்னாள். பூங்கனி நெற்றியில் நாமம் இட்டு நிழல்தாங்கல் என்ற கும்பிடுமிடத்துக்குப் போகிற அய்யாவழிக்காரி. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தபின் ஆள் வைத்துப் பனை ஏறுவித்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். செசிலி அவளுக்கு மீன் கொடுத்துக் கருப்பட்டி வாங்குவாள்.

"அக்கா, அந்த மரம் அவருக்க கைக்குப் புத்தி சொல்லிக் குடுக்கு. இப்பெல்லாம் கோவமே இல்ல."

பூங்கனி அடுப்புக்கு விறகு தள்ளினாள். "இப்பம் புத்தி வந்த கையா? பாப்போம். ஒண்ணும் ஒத்து வரல்லன்னா இங்க வந்துரு. எனக்கு அண்ணனும் கிடையாது, சாமியாரும் கிடையாது, உன்னெத் திரும்பக் கொண்டு விடுததுக்கு."

வங்கெல்லாம் கோத்து முடிந்தது. மூன்று முழ நீளத்தில் இறக்கை எலும்பாக நின்றது. இனி அதற்குத் தோல் போட வேண்டும். பட்டத்துக்கு ஒட்டுகிற மெல்லிய தாளைக் கஞ்சியால் ஒட்டினான். ஒட்டின தாளில் தண்ணீர் தெளித்தால் காயும்போது சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கும். ஆனால் காய்கிற நேரத்தில் இரண்டு முனையும் பிடித்திருக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அதற்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. செசிலியைக் கூப்பிட்டான்.

"இங்க வா. இந்த முனைய பிடி. அமுக்காத. பைய பிடி ஏட்டி, பைய."

செசிலி ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அது தன்னுடைய வார்த்தை என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது, பொருளும் தெரிந்திருக்கிறது.

முனையைப் பிடித்தாள். மத்தியாஸ் வாயில் தண்ணீர் வைத்துப் புகைபோல ஊதித் தெளித்தான். தாள் மெதுவாக இறுகிக்கொண்டு வந்தது. அப்போது வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. இத்தனை பலமாக அது புரண்டதில்லை. அவள் உடம்பு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பெருவிரல் ஈரத் தாளில் குத்தி உள்ளே போய்விட்டது.

மத்தியாஸ் இறக்கையை அவள் கையிலிருந்து இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினான். பாயில் கொண்டுபோய் வைத்தான். ஓரம் மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடாமல் எடுத்துத் தூர வைத்தான். காற்றில் மணல் விழாமலிருக்கத் தோளில் கிடந்த துண்டை அதன்மேல் விரித்தான். ஒரு விசுவாசப் பிரமாண ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகு திரும்பி வந்து செசிலியின் காதோடு சேர்த்து அறைந்தான்.

அவள் சுவரில் மோதி விழுந்தாள். கால் ஓங்குவதைப் பார்த்ததும் வயிற்றைத் தரைப்பக்கமாகச் சுருட்டிக்கொண்டாள். சவுட்டு இடுப்பெலும்பில் விழுந்தது. இன்னொன்று முதுகில். பிறகு அவன் போய்ப் பாயில் உட்கார்ந்து, கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போடத் தாள் வெட்டினான். விரல் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

செசிலி காதில் ரத்தம் வழியத் தரையில் கிடந்து அந்த விரல்களைப் பார்த்தாள். கையில் பிடித்திருந்ததைக் கீழே வைக்கத் தெரிகிறது. துண்டு போர்த்தத் தெரிகிறது. செம்பை நகர்த்திவிட்டு வந்து அடிக்கத் தெரிகிறது. இந்தக் கைக்கா கனம் தெரியாது? நன்றாகத் தெரியும். அரிசி எடையும் ஆள் எடையும் தெரிந்த கை. முதல் பிள்ளைமேலும் இரண்டாம் பிள்ளைமேலும் கனம் தெரிந்துதான் விழுந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஊரையே கொளுத்த வேண்டும் என்று வந்தது. கனம் தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு வாயையும், அதை நம்பின தன்னையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும் என்று வந்தது.

அதற்கு மறுநாள், திருநாளுக்கு முந்தின நாள், மத்தியானம் மத்தியாஸ் கள் குடித்துவிட்டு வந்தான். கள்ளுக்கடையில் டைட்டஸ், பல் போன வாயால், "ஒமக்க பெஞ்சாதி விரல் வச்சதுக்கே கிழிஞ்சு போச்சாமே, அதா பறக்கப் போவுது?" என்று கேட்டிருக்கிறான். அந்தச் செய்தியை வெளியே சொன்னவள் செசிலிதான் என்று மத்தியாஸ் முடிவு கட்டிவிட்டான். வாசலில் வரும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் அந்த மடித்துக் கட்டலை அறிவாள்.

கத்தி வருவது கோழிக்குத் தெரிகிற மாதிரி உடம்புக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வயிறுதான். பின்னால் நகர்ந்தாள். முதுகு பந்தல்காலில் இடித்தது. பந்தலில் மாட்டித் தொங்கவிட்டிருந்த இறக்கை கைக்கு எட்டியது. இரண்டு கையாலும் எடுத்து வயிற்றுக்கு முன்னால் குறுக்கே பிடித்தாள்.

தூக்கின கால் அந்தரத்தில் நின்றது.

"ஏட்டி, அதெ கீழ வை."

"வைக்கமாட்டேன்."

"வைன்னுல்லா சொல்லுதேன்!"

"பக்கத்துல வந்தீரு, குத்திருவேன்." பெருவிரலைத் தாளின்மேல் வைத்தாள். இறுகிக் காய்ந்திருந்த தாள் விரலின்கீழ் டப்பென்று ஒலித்தது.

மத்தியாஸ் காலைக் கீழே வைத்தான். அவள் பக்கவாட்டில் நடந்து வாசலைத் தாண்டினாள். தெருவில் இறங்கினாள். அவன் பின்னாலேயே வந்தான். கைக்கெட்டும் தூரத்துக்கு வருவான், அவள் விரலை அழுத்துவாள், நின்றுவிடுவான். ஆனி மாதத்துக் காற்று மேற்கேயிருந்து மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. இறக்கை அவள் கையில் உயிருள்ளது மாதிரி மேலே இழுத்தது. அதைத் தாழ்த்திப் பிடிக்க மணிக்கட்டு வலித்தது.

"பைய நட ஏட்டி! காத்துக்கு எதிர்த்துப் பிடிக்காத, ஒடிஞ்சு போவும்! சரிச்சுப் பிடி!"

ஊர் முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. காது வீங்கி, அதில் ரத்தம் காய்ந்து, வயிற்றுக்கு முன்னால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி நடக்கிறாள். அவளை நாயடி அடிக்கிறவன் பின்னாலேயே பைய பைய என்று கெஞ்சிக்கொண்டு வருகிறான். கோயில் மதிலருகே சாமியார் நின்றார். "செசிலி, வீட்டுக்குப் போ" என்றார்.

"வழி விடும் சாமி, காத்து அடிக்கு" என்றாள் அவள்.

ஊர்க்கடைசியில் டைட்டஸ் வழி மறித்தான். பல்லுக்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது அவனுக்கு. இறக்கையை ஒரே குத்தில் உடைத்துப்போடக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். செசிலி கண்ணை மூடிக்கொண்டாள். மத்தியாஸ் அவளைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தான். டைட்டசின் தொண்டையைப் பிடித்துக் கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். மூக்கெலும்பு நொறுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. தன்மேல் கேட்ட சத்தங்கள் இப்படித்தான் வெளியே கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவள் எட்டி நடந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து புருஷன் அவளுக்காக ஒருத்தனை அடித்தது அது ஒரு தடவைதான். அதுவும் அவளுக்காக அல்ல.

கை முழுக்க டைட்டசின் ரத்தத்தோடு மத்தியாஸ் மறுபடி பின்னால் ஓடி வந்தான். உடைமுள் காட்டுப் பாதையிலும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான். செசிலியின் காலில் முள் ஏறியது. குனிந்து எடுக்க முடியாது. அப்படியே நடந்தாள்.

பூங்கனி விளையில் கூப்பனி கொதித்துக்கொண்டிருந்தது. கருப்பட்டி ஆவதற்கு முந்தின பதத்தில் கொதிக்கிற பனம்பாகு அது. பட்ட இடத்தில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செசிலி வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததையும் பின்னால் வருகிறவனையும் பூங்கனி ஒரே பார்வையில் பார்த்தாள். பெரிய அகப்பையில் கூப்பனியை முகந்துகொண்டு படலருகே வந்து நின்றாள்.

"வேலிக்குள்ள ஒரு காலு வச்சுப் பாருல. மூஞ்சி வெந்து தொங்கும்."

மத்தியாஸ் நின்றான். அவன் கண் அகப்பைமேல் இல்லை. "அதெ மட்டும் தரச் சொல்லு" என்றான்.

"அடுப்புல போடுட்டி" என்றாள் பூங்கனி.

செசிலி யோசித்தாள். இதை எரித்தால் அவன் கூப்பனிக்கும் பயப்படாமல் வேலி தாண்டுவான். முழுசாகக் கிடைத்தால் கொண்டு போய்விடுவான். "தாறேன். இராயப்பர் மேல ஆணையிடும், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்னு" என்றாள். அவன் உடனே ஆணையிட்டான். இரண்டாம் தடவை கேட்காமலேயே இன்னொரு தடவையும் இட்டான்.

படலுக்கு மேலாக இறக்கையை நீட்டினாள். ரத்தக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவன் அதை ஏந்தி வாங்கினான். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் குரல் உடைந்திருந்தது. அப்படியொரு குரலை அவள் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டான்.

செசிலிக்கு நெஞ்சு ஒரு நொடி இளகிவிட்டது. இத்தனைக்கும் பிறகும் இளகியது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"இல்ல... அசையுது" என்றாள்.

மத்தியாஸ் பதறிப்போனான். "எது அசையுது? எந்த வங்கு?" என்று இறக்கையைக் கண்ணருகே தூக்கி, ஒவ்வொரு வங்காக விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

செசிலி படலை இழுத்துக் கட்டினாள்.